ஊதுபவருக்குக் கேட்காத ஒலி

போன மார்ச்சில் எங்கள் பாண்டு மண்டலப் போட்டிக்குப் போனது. வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில், நிலக்கரிச் சுரங்கம் மூடிப் பல வருடங்களான ஒரு சின்ன ஊரின் பிராஸ் பாண்டு. சுரங்கம் போய்விட்டது, பாண்டு மிஞ்சியிருக்கிறது. ஐந்து பிரிவுகளில் நாங்கள் கடைசிப் பிரிவு. தபால்காரர், பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், ஸ்கூல் யூனிஃபார்மோடு ஒத்திகைக்கு வரும் இரண்டு பிள்ளைகள் என்று இருபத்தைந்து பேர் சொச்சம். யாருக்கும் சம்பளம் கிடையாது. நான் பாஸ் டிராம்போன் வாசிக்கிறேன். ஏழு வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன் என்று சொல்வது இன்னும் சரி.

இந்தப் போட்டிகளில் ஒரு விநோதமான ஏற்பாடு உண்டு. நடுவர்கள் அரங்கத்துக்குள் நாலு பக்கமும் துணி போட்டு மூடிய ஒரு கூண்டில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த ஊர் பாண்டு மேடையில் இருக்கிறது, யார் நடத்துகிறார், யார் கையில் என்ன பிராண்டு கருவி, ஒன்றும் தெரியாது. வாசிக்கும் வரிசையும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுதான். அவர்கள் முன்னால் ஸ்கோர் இருக்கும், கையில் பேனா இருக்கும், துணியைத் தாண்டி ஒலி வரும். அதை வைத்து எழுத வேண்டியதுதான்.

முடிவு அறிவித்த பிறகு அந்தக் குறிப்புத் தாள் கைக்கு வந்தது. மெதுவான பகுதிக்கு எதிரே என்னைப் பற்றி ஒரே ஒரு வரி. பாஸ் டிராம்போனில் கனம் இருக்கிறது, ஆனால் சுரம் எது என்று தெரியவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு நான் நன்றாக வாசித்ததாகத்தான் நினைத்திருந்தேன். அதிலும் அந்த மெதுவான பகுதியில். இரண்டு வருடம் முன்பு வாங்கிய பெரிய மௌத்பீஸ், அதில் கீழே இறங்கும் நீண்ட சுரங்கள், நெஞ்சுக்கூடு வரைக்கும் அதிர்ந்தது. ஊதி முடித்ததும் பக்கத்திலிருந்த டெனர் டிராம்போன்காரரைப் பார்த்துச் சிரித்தேன். இப்படி ஒரு ஒலி என்னிடமிருந்து வருமா என்று எனக்கே பெருமை. அதைத்தான் கூண்டுக்குள் இருந்தவர் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியோடு எனக்கு நடந்த சண்டை. சண்டைக்குக் காரணமான பொருள் ஒரு மௌத்பீஸ் என்பதால் முதலில் அதைப் பற்றி.

*

மௌத்பீஸ் என்றதும் நம்மவர்களுக்கு நாகசுரத்தின் சீவாளிதான் ஞாபகம் வரும். ஆனால் இரண்டும் வேறு. நாகசுரத்தில் சீவாளி அதிர்கிறது. டிராம்போனில் அதிர்வது உதடு. மௌத்பீஸ் வெறும் உலோகம், வெள்ளி முலாம் பூசிய பித்தளை. உதட்டுக்கு உட்கார ஒரு விளிம்பு, அதற்குக் கீழே ஒரு கிண்ணம், கிண்ணத்தின் அடியில் தொண்டை என்று சொல்லப்படும் ஒரு சின்னத் துளை, அந்தத் துளையிலிருந்து விரிந்துகொண்டே போய்க் கருவியின் குழாயோடு சேரும் வால். ஆடாத, அசையாத, தேயாத ஒரு பொருள். ஆனால் இந்த நாலில் எதில் கை வைத்தாலும் ஒலி மாறும்.

அளவைச் சொன்னால்தான் புரியும். ‘பாக் 1½ஜி’ என்பது பாஸ் டிராம்போன்காரர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் தொட்டுப் பார்த்த மௌத்பீஸ். வின்சென்ட் பாக் ஆஸ்திரியாவில் பிறந்தவர், பொறியியல் படித்தவர், அமெரிக்கா போய் டிரம்பெட் வாசித்தவர். 1918இல் நியூயார்க்கில் மௌத்பீஸ் கடைய ஆரம்பித்தார். அவர் பெயரில் வரும் 1½ஜியின் கிண்ண வாய் 27 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். அடுத்தது 1¼ஜி, அதைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்கும் மேலே 1ஜி, 28ஐ ஒட்டி. நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஷில்கி 60, 29ஐ ஒட்டி. இந்த ஊர் இரண்டு பவுண்டு நாணயம் அதற்குள் முழுசாக இறங்கிவிடும்.

எண்களைப் பார்த்துக் குழம்பாதவர்கள் கிடையாது. பாக்கில் எண் குறையக் குறைய வாய் பெரிதாகும். ஷில்கியில் எண் கூடக் கூடப் பெரிதாகும். டெனிஸ் விக் லண்டன் சிம்ஃபனியில் 1957 முதல் 1988 வரை முதல் டிராம்போன். அவர் வடிவமைத்தவற்றில் 2ஏஎல், 1ஏஎல், 0ஏஎல், 00ஏஎல் என்று பூஜ்யத்துக்கும் கீழே ஒரு பூஜ்யம் போட்டுப் பெரிதாக்கிக்கொண்டு போவார்கள். விளிம்பின் உட்புறம் வளைவாக இருப்பதால் எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்பதிலும் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு கணக்கு. ஒருவரின் 28 இன்னொருவரின் 27½ ஆக இருக்கலாம். வாலின் பருமன் வேறு தனிக் கதை. டெனருக்கான சன்ன வாலை பாஸ் டிராம்போனில் செருகினால் லொடலொடவென்று ஆடும். முதல் தடவை தபாலில் வரவழைத்தபோது நான் அதைத்தான் வாங்கினேன்.

27க்கும் 29க்கும் இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பளவாகக் கணக்குப் போட்டால் பதினைந்து சதவீதம் கூடுதல். அவ்வளவு கூடுதல் உதடு அதிர வேண்டும், அதற்கேற்ற காற்று வேண்டும். முதல் வாரம் எனக்கு வாயைச் சுற்றியிருந்த தசையெல்லாம் வலித்தது. ஆனாலும் கீழ் சுரங்கள் கதவைத் திறந்துவிட்ட மாதிரி வந்தன. அன்றைக்கே மயங்கிவிட்டேன்.

*

அந்த மயக்கத்தில் நான் பேச ஆரம்பித்த மொழியைப் பற்றி இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. மௌத்பீஸ்களை ஒப்பிட்டுப் பேசுகிறவர்களிடம் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. இருண்ட ஒலி, வெளிச்சமான ஒலி, வெதுவெதுப்பு, அகலம், ஆழம், மையம். இதில் ‘இருண்ட’ என்பது பாஸ் டிராம்போன் உலகில் ஏறக்குறைய பாராட்டு. ‘வெளிச்சம்’ என்றால் டெனர்காரர்களைப் பார்த்து லேசாக உதட்டைச் சுழிக்கிற தொனி. நானும் ஒத்திகை இடைவேளையில் டீக்கோப்பையைப் பிடித்துக்கொண்டு, இது இருட்டுதான், ஆனா மையம் இருக்கு என்றெல்லாம் அடித்துவிட்டிருக்கிறேன். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். யாருக்கு என்ன புரிந்தது என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

உருவகம் தப்பில்லை. ஒலியைப் பற்றிப் பேச உருவகத்தை விட்டால் வேறு வழி கிடையாது. பிரச்சினை, அந்தச் சொற்கள் எந்த இடத்தில் நின்று சொல்லப்படுகின்றன என்பது. கருவியின் விரிந்த வாய் முன்பக்கம் பார்த்திருக்கிறது. ஊதுகிறவர் அதற்குப் பின்னால் இருக்கிறார். ஒலியில் கீழ் அதிர்வுகள் எல்லாத் திசையிலும் பரவும், பின்னாலும் வரும். மேல் அதிர்வுகள் டார்ச் வெளிச்சம் மாதிரி, வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும். போதாததற்கு உதட்டின் அதிர்வு பல்லிலும் தாடை எலும்பிலும் ஏறி நேராகக் காதுக்கு வருகிறது. ஆக, வாசிப்பவர் கேட்பது எப்போதுமே முன்வரிசை கேட்பதைவிட இருண்ட ஒலி. அரங்கத்திலேயே மோசமான இருக்கை அவருடையது. அங்கே உட்கார்ந்துகொண்டுதான் இது இருண்டது, அது வெளிச்சம் என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. மௌத்பீஸின் வாயை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். ‘பொப்’ என்று ஒரு சத்தம் வரும். கிண்ணம் பெரிதாக ஆக அந்த ‘பொப்’ கீழே இறங்கும். கருவியில் செருகியதும் அந்தச் சுருதியை ஒட்டிய அதிர்வுகளுக்கு மௌத்பீஸ் கைகொடுக்கும், அதற்கு மேலே இருப்பவற்றைக் கைவிடும். பெரிய கிண்ணம் மேல் அதிர்வுகளைக் குறைக்கிறது என்பதன் பொருள் இதுதான். வாசிப்பவருக்கு அந்த இழப்பு தெரியாது. ஏனென்றால் அந்த அதிர்வுகள் முதலிலிருந்தே அவருக்குச் சரியாகக் கேட்டதில்லை. இல்லாத ஒன்று குறைந்தால் எப்படித் தெரியும்? கூடுகிற கீழ் அதிர்வு மட்டும் நெஞ்சில் தெரியும். லாபம் தன் பக்கம், நஷ்டம் எதிர்ப்பக்கம். இதைவிட வசதியான ஏமாற்று வேறென்ன வேண்டும்.

சரி, கனம் இருக்கிறது என்று நடுவரே எழுதியிருக்கிறாரே, பிறகு சுரம் ஏன் தெரியாமல் போயிற்று? இதற்கு உங்கள் கையில் இருக்கிற ஃபோனே பதில் சொல்லும். பாஸ் டிராம்போனின் ஆழமான பெடல் பி ஃபிளாட் விநாடிக்கு 58 அதிர்வு. ஃபோனின் குட்டி ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. ஆனாலும் ஒரு பாட்டை ஃபோனில் கேட்கும்போது கீழே போகிற பாஸ் கோடு என்ன சுரம் என்று உங்களுக்குத் தெரிகிறது. மேலே இருக்கும் மேற்சுரங்களை, 116, 174, 232 என்று போகிற அந்த வரிசையைக் கேட்டு, கீழே இல்லாத சுரத்தை மூளையே கட்டிக்கொள்கிறது. ஆழ்ந்த சுரத்தின் அடையாளம் அதன் மேல்மாடியில் இருக்கிறது. நான் மேல்மாடியை இடித்துவிட்டு அஸ்திவாரத்தைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

*

இதைப் படித்துவிட்டுப் பெரிய மௌத்பீஸ் எல்லாம் அகங்காரம், சின்னதுதான் தர்மம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அளவு பெரிதானதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கஸ்டவ் ஹோல்ஸ்ட் 1928இல் பிராஸ் பாண்டுகளின் தேசியப் போட்டிக்காக ‘மூர்சைட் சூட்’ எழுதினார். அவரே இளமையில் டிராம்போன் வாசித்துப் பிழைத்தவர். அவர் காதில் இருந்த பாஸ் டிராம்போன் இன்றைக்கு என் கையில் இருப்பது கிடையாது. அன்று இங்கிலாந்தில் பாஸ் டிராம்போன் என்றால் ஜி சுருதியில் அமைந்த நீளமான கருவி. கை எட்டாது என்பதற்காக ஸ்லைடில் ஒரு கைப்பிடி வைத்திருப்பார்கள். குழாய் இன்றையதைவிட ரொம்பக் குறுகல், மௌத்பீஸும் சின்னது. ஒலி கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு வரும் என்று பழைய ஒலிப்பதிவுகளில் கேட்கலாம். அழகு என்று சொல்லத் தயங்குவோம். ஆனால் எந்தச் சுரம் என்பதில் சந்தேகமே வராது. 1950களில் ஆர்கெஸ்ட்ராக்கள் அகலக் குழாய் அமெரிக்கக் கருவிகளுக்கு மாறின. பிராஸ் பாண்டுகள் இன்னும் நிதானமாக மாறின. அதற்குப் பிறகு இரண்டாவது வால்வு பரவலாகி, ஒற்றை வால்வில் எட்டாமலிருந்த கீழ் பி சுலபமாயிற்று. சுலபமானதும் இசையமைப்பாளர்கள் அங்கே எழுத ஆரம்பித்தார்கள். எழுதியதை வாசிக்கப் பெரிய கிண்ணம் தேவைப்பட்டது. பெரிய கிண்ணம் வந்ததும் இன்னும் கீழே எழுதினார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாத ஒரு சுழற்சி.

நடுவில் ஒரு காலம் இருக்கிறது, 1½ஜியும் அதை ஒட்டிய அளவுகளும் போதும் என்றிருந்த காலம். அந்தக் காலத்தின் இரண்டு பேரை நான் இப்போது அடிக்கடி கேட்கிறேன்.

ஒருவர் ஜார்ஜ் ராபர்ட்ஸ். 1956இல் ஃப்ராங்க் சினாட்ரா பாடிப் பதிவான ‘ஐ’வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்’. இசைக் கோர்ப்பு நெல்சன் ரிடில். அந்தப் பாட்டில் எல்லோரும் சிலாகிப்பது மில்ட் பெர்ன்ஹார்ட்டின் டிராம்போன் தனியை. அது வெடிக்க வேண்டியதுதான், வெடிக்கிறது. என் காது போவது அதற்கு முன்னால். பாட்டு ஒரு நிமிஷம் அடங்கி, அடியிலிருந்து ஒரு சின்ன உருவம் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கருவிகள் சேர்ந்து ஏறுகிற இடம். அந்த ஏற்றத்தை அடியில் தாங்குவது ராபர்ட்ஸின் பாஸ் டிராம்போன். ஸ்டான் கென்டன் குழுவில் வாசித்த ஒரு துண்டை ரிடிலுக்கு ஞாபகப்படுத்தி இந்த ஏற்றத்துக்கு வழி சொன்னவரே ராபர்ட்ஸ்தான் என்று சொல்வார்கள். அங்கே அவர் சத்தமாக வாசிக்கவே இல்லை. ஒவ்வொரு சுரமும் தொடங்கும் இடத்தில் ஒரு முனை இருக்கிறது. பென்சிலால் கோடு போடும்போது முதலில் விழுகிற புள்ளி மாதிரி. அதற்குப் பின்னால்தான் மென்மை விரிகிறது. மென்மையைப் பலர் கேட்கிறார்கள், நானும் வருடக்கணக்கில் அதை மட்டும்தான் கேட்டேன். புள்ளியை இப்போதுதான் கேட்கிறேன்.

இன்னொருவர் எட்வர்ட் க்ளைன்ஹாமர். சிகாகோ சிம்ஃபனியில் 1940 முதல் 1985 வரை. ஃப்ரிட்ஸ் ரைனர் நடத்திய 1950களின் பதிவுகளில் அந்தக் குழுவின் அடிப் பித்தளைகளைக் கேளுங்கள். சத்தம் எவ்வளவு ஏறினாலும் அடியில் இருக்கும் சுரத்துக்கு ஓரம் இருக்கிறது. சுவர் இருக்கிறது என்று தெரிவதோடு நிற்காமல், சுவர் எங்கே முடிகிறது என்றும் தெரிகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானும் அதில் விழப் பார்த்தேன். அவர்கள் சின்ன அளவில் வாசித்தார்கள், எனவே நானும் சின்ன அளவுக்குப் போனால் அந்த ஒலி வந்துவிடும் என்பது. வராது. இன்றைக்குப் பெரிய கிண்ணத்தில் வாசித்துக்கொண்டே ஒவ்வொரு சுரத்துக்கும் ஓரம் வைக்கிற தொழில்முறைக் கலைஞர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெரிய கிண்ணம் மேல் அதிர்வுகளைத் தர மறுக்கிறது என்றால், தசையாலும் காற்றாலும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். தினமும் மணிக்கணக்கில் அதற்காக உட்காருகிறார்கள். வாரத்துக்கு இரண்டு ஒத்திகையும் மிச்ச நேரத்தில் வேலையுமாக இருக்கிற என்னால் அதைக் கேட்டு வாங்க முடியவில்லை. நடுவர் எழுதிய வரி மௌத்பீஸைப் பற்றியது அல்ல. அவருக்கு நான் என்ன வைத்து ஊதினேன் என்றே தெரியாது.

*

ஜூனில் மதுரையிலிருந்து அக்கா வந்திருந்தாள். அவளை வைத்து ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒத்திகைக் கூடத்தில், கடைசி வரிசையில், சுவரைப் பார்த்து மூன்று பேர். அக்கா, எங்கள் யூஃபோனியக்காரர் (லாரி ஓட்டுநர், ஐம்பது வருடம் பாண்டில் இருப்பவர்), டிரம்ஸ் வாசிக்கிற பள்ளிப் பையன். என்னிடம் மூன்று மௌத்பீஸ். கருவியோடு கூடவே வந்து அலமாரியில் தூங்கிய 1½ஜி, நடுவில் வாங்கிய 1¼ஜி, ஷில்கி 60. வாசிக்க நாலு துண்டு. ஒரு மெதுவான ஹிம், வேகமாக நாக்கால் வெட்டி வெட்டி வாசிக்க வேண்டிய ஒரு பகுதி, மேலிருந்து கீழே இறங்கும் ஒரு ஸ்கேல், கடைசியில் ஒரு நீண்ட பெடல் பி ஃபிளாட். வரிசை சீட்டுக் குலுக்கி. முழுவதையும் இரண்டு சுற்று. அவர்கள் பக்கத்தில் கடன் வாங்கிய ஒரு ரெக்கார்டர்.

எனக்குக் கண்ணைக் கட்டினாலும் பிரயோஜனம் இல்லை. உதட்டில் வைத்த நொடியே எது என்று தெரிந்துவிடும். மௌத்பீஸ் ஒப்பீட்டில் வாசிப்பவர் ஒருநாளும் பாரபட்சம் இல்லாமல் இருக்க முடியாது என்பதே அன்றைக்கு நான் கற்ற முதல் பாடம்.

முடிவு நான் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை, எதிர்பார்த்ததற்கு நேர்மாறாகவும் வரவில்லை. 1½ஜிக்கும் 1¼ஜிக்கும் வித்தியாசத்தை யாராலும் நிலையாகச் சொல்ல முடியவில்லை. முதல் சுற்றில் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்றவர்கள் இரண்டாம் சுற்றில் மற்றதைச் சொன்னார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் எது என்று முடிவெடுக்க நான் ஒரு குளிர்காலம் முழுக்கச் செலவழித்திருந்தேன். ஹிம்மில் யூஃபோனியக்காரர் இரண்டு சுற்றிலும் 60ஐத்தான் தேர்ந்தெடுத்தார், மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். ஆக, அதன் மென்மை என் கற்பனை கிடையாது, கடைசி வரிசைக்கும் போகிறது. வேகப் பகுதியில் மூன்று பேரும், இரண்டு சுற்றிலும், 60க்குக் கடைசி இடம். பையன் எழுதியிருந்தது, சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன.

பெடல் சுரத்தில் 60தான் ஜெயிக்கும் என்று நான் பந்தயமே கட்டியிருப்பேன். அதற்காகத்தானே வாங்கியது. பையனுக்குப் பிடித்தது. மற்ற இருவரும் 1¼ஜியைச் சொன்னார்கள். அக்காவிடம் ஏன் என்று கேட்டேன்.

“அது பெருசா இருந்துச்சுடா. வாசல்ல லாரி ஸ்டார்ட் பண்ணி நிக்குமே, அந்த மாதிரி. எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. இன்னொண்ணு நீ ஊதுற மாதிரி இருந்துச்சு.”

“ரெண்டுமே நான் ஊதுனதுதான்க்கா.”

“அது எனக்கெப்படித் தெரியும்? நான் சுவத்தப் பாத்துல்ல உக்காந்திருக்கேன்.”

அக்காவின் தீர்ப்பை வேதவாக்காக்கப் போவதில்லை. ஸ்கேலில் அவள் இரண்டு சுற்றிலும் முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னாள், கடைசியில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு, பசிக்குது என்றாள். மூன்று பேர், ஒரு கூடம், ஒரு மாலை. இதில் நிரூபணம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிரவு ரெக்கார்டரை ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே திக்கென்றது. நெஞ்சுக்கூட்டில் நான் உணர்ந்திருந்த அந்தப் பிரம்மாண்டம் பதிவில் எங்குமே இல்லை. அதன் இடத்தில், கூடத்தின் மறுகோடியில், ஒரு ஆள் மெத்தைக்குள் முகத்தைப் புதைத்துப் பேசுகிற மாதிரி ஒரு ஒலி. இரண்டு வருடமாக நான் கேட்டு ரசித்தது எனக்கு மட்டுமே நடந்த கச்சேரி.

*

இலக்கியப் பத்திரிகையில் இதை ஏன் எழுதுகிறேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். நான் கொஞ்ச காலம் சிறுகதை எழுதினேன். மூன்றோ நாலோ வெளிவந்தன. அவற்றைப் பற்றி ஒரு நண்பர் சொன்னதும் ஏறக்குறைய நடுவரின் வரிதான். அடர்த்தியா இருக்கு, ஆனா என்ன நடக்குதுன்னு பிடிபடல. அப்போது நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அடர்த்தி, கனம், இருள், ஆழம். நம் மதிப்புரைகளிலும் இதே சொற்பட்டியல்தான் ஓடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? எழுதுகிறவருக்கு அவர் வாக்கியம் எலும்பு வழியாகக் கேட்கிறது. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் ஊர், மனிதர், துக்கம் எல்லாம் அவர் தாடையில் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கிறது. வாசகர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வருவது தாளில் இருக்கிற மேற்சுரங்கள் மட்டும். அவற்றை வைத்து அவர்தான் அடிச்சுரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். எழுதுகிறவர் அதைக் குறைத்துவிட்டால், கனம் இருப்பது தெரியும். என்ன கனம் என்று தெரியாது.

இந்த ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். டிராம்போனுக்கு ஒரு ரெக்கார்டரைப் பின்வரிசையில் வைத்துவிடலாம். கதைக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. சுவரைப் பார்த்து உட்காரச் சம்மதிக்கிற மூன்று பேர் கிடைத்தாலே பெரிய விஷயம்.

மௌத்பீஸ் தேர்ந்தெடுக்கப் போகிற யாராவது இதைப் படித்தால், நான் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். புதிதாக ஒன்று வாங்கினால் மூன்று வாரம் எந்தக் கருத்தும் சொல்வதில்லை. உதடு புது விளிம்புக்குப் பழகும் வரை நாம் கேட்பது புதுமையைத்தான், ஒலியை அல்ல. ஒரு நேரத்தில் ஒரு அம்சத்தை மட்டும் மாற்றுகிறேன். அகலமும் ஆழமும் தொண்டையும் சேர்ந்து மாறினால் எது எதைச் செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது. ‘இருண்ட’ என்ற சொல் வாயில் வந்தால் நிறுத்தி, எங்கிருந்து கேட்டபோது என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். முக்கியமாக, பிடித்த சுரத்தை வைத்து முடிவெடுப்பதில்லை. அவமானப்படுத்துகிற பகுதியை வைத்து முடிவெடுக்கிறேன். என் விஷயத்தில் அது அந்த வேகப் பகுதி.

1¼ஜிக்கு வந்துவிட்டேன். 1½ஜியில் மேல் சுரங்கள் இன்னும் சுத்தமாக வந்தன, ஆனால் பெடலுக்குக் கீழே போனால் எனக்குக் காற்று சிக்குகிறது. எங்கள் கண்டக்டர் தேர்ந்தெடுக்கும் டெஸ்ட் பீஸ்களில் அங்கே போகாமல் தப்பிக்க முடியாது. இது சமரசம்தான். அக்காவுக்குப் பிடித்ததால் எடுத்த முடிவு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், அதில் பாதி உண்மை.

இலையுதிர் காலத்தில் இன்னொரு சின்னப் போட்டிக்குப் போனோம். மறுபடியும் துணிக் கூண்டு, மறுபடியும் குறிப்புத் தாள். இந்த முறை பாஸ் டிராம்போன் என்ற சொல்லே அதில் இல்லை. டிராம்போன்கள் தெளிவு என்று மூவருக்கும் சேர்த்து ஒரு வரி. அதைக் கண்டக்டரிடம் காட்டி, இது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். அவர் தாளை வாங்கி இன்னொரு தரம் படித்துவிட்டு, கார்னெட்டுகளைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தியா என்று பேச்சை மாற்றிவிட்டார்.

ஷில்கி 60ஐ விற்கவில்லை. பக்கத்து வீட்டில் ஆள் இல்லாத சில ராத்திரிகளில் எடுத்துச் செருகி, ஒரே ஒரு பெடல் பி ஃபிளாட்டைக் காற்று தீரும் வரை ஊதுவேன். நெஞ்சுக்கூடு அதிரும், ஜன்னல் கண்ணாடி அதிரும். அது யாருக்கும் சரியாகப் போய்ச் சேராத ஒலி என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்த பிறகும் அது எனக்குக் கொஞ்சம்கூடக் குறையவில்லை. இரண்டு தடவை ஊதிவிட்டு, துடைத்து, பெட்டிக்குள் வைத்துவிட்டு, 1¼ஜியை எடுத்து அந்த வேகப் பகுதியை மெதுவாக ஆரம்பிக்கிறேன்.